கரும்பலகையும் கைப்பேசியும்

நம் கடற்கரை ஊர்களில் அஸர் தொழுகைக்கும் மஃரிபு பாங்கிற்கும் இடைப்பட்ட சிறு பொழுது பந்தாட்டத்திற்கு உரியது. தென்னந்தோப்பின் ஓரத்திலும், ஜமாஅத்தார் மனமுவந்து விட்டுக்கொடுத்த திடலிலும், உப்புக்காற்று வீசும் வெட்டவெளியிலும் வாலிபர்கள் கூடி விளையாடும் காட்சி நமக்குப் புதிதன்று. காயல்பட்டினத்தில் ஐக்கிய விளையாட்டுச் சங்கத்தார் மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்களின் பெயரால் பல பத்தாண்டுகளாக நடத்திவரும் கால்பந்துப் போட்டியை நம்மவர் பலரும் அறிவர். அத்தகைய பெரும் போட்டிகளுக்குப் பின்னால், பெயர் வெளியே தெரியாத சின்னஞ்சிறு கழகங்கள் எத்தனையோ உள்ளன. இரண்டு பந்துகளும், ஒரு வலையும், சாயம் வெளுத்த பதினைந்து சட்டைகளுமே அவற்றின் சொத்து. அவற்றைப் பற்றியே ஈண்டு எழுத முற்படுகின்றோம்.

நமது ஊரில் முன்பெல்லாம் கழகத்தின் செய்தி ஒரு கரும்பலகையில்தான் வெளியாகும். தேநீர்க் கடையின் வாசலில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும் அந்தப் பலகையில், இன்று மாலை யாருடன் ஆட்டம், எத்தனை மணிக்கு என்பதைச் சுண்ணக்கட்டியால் ஒருவர் எழுதிவிட்டுப் போவார். மஃரிபுக்குப் பின் அதே கை முடிவையும் எழுதும். வென்றாலும் எழுதும், தோற்றாலும் எழுதும். ஊரார் அதனை நம்பினர். கடல் கடந்து பிழைக்கப் போனவர்களுக்குக் கடிதத்தின் கடைசி வரியில் அச்செய்தி போய்ச் சேரும்.

இன்று அந்தப் பலகை இல்லை. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு கைப்பேசி இருக்கின்றது. கழகங்கள் முகநூலில் பக்கம் திறக்கின்றன. இன்ஸ்டாகிராமில் படம் இடுகின்றன. வாட்ஸ்அப்பில் குழு அமைக்கின்றன. ஆயினும், பெரும்பாலான பக்கங்கள் திறந்த வேகத்திலேயே உறங்கிவிடுகின்றன. பெருநாள் வாழ்த்து ஒன்று, கோப்பையுடன் எடுத்த படம் ஒன்று, பிறகு ஆறு மாத மௌனம். “எங்கள் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லையே, என்ன செய்வது?” என்று வாலிபர்கள் நம்மிடம் கேட்கின்றனர். கரும்பலகையிடம் பாடம் கேளுங்கள் என்பதே நாம் அவர்களுக்குத் தரும் விடை. அது எவரையும் கூவி அழைத்ததில்லை. நாள்தோறும் உண்மையை எழுதியது, அதனால் பார்க்கப்பட்டது.

பிறர் எழுதிய காலமும் தாமே எழுதும் காலமும்

கல்கத்தாவின் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம் 1891-இல் தோன்றியது. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கல்கத்தாக் கால்பந்து லீக் பட்டத்தை அது வென்றது. 1940-இல் டூரண்ட் கோப்பையையும் கைப்பற்றியது. அக்கழகத்தின் புகழ் வங்கத்தைக் கடந்து இந்தியத் துணைக்கண்டமெங்கும் பரவியமைக்குப் பத்திரிகைகள் பெருந்துணை செய்தன. பெருநகரத்துக் கழகத்தைப் பற்றி எழுதப் பிறர் இருந்தனர். சிற்றூர்க் கழகத்தைப் பற்றி எழுத எவரும் இருந்ததில்லை. மாவட்டச் செய்தியில் இரண்டு வரி வந்தால் அதனைக் கத்தரித்துச் சட்டமிட்டு மாட்டிவைத்த காலம் அது.

இந்த நிலையைத்தான் சமூக ஊடகம் மாற்றியிருக்கின்றது. ஸ்பெயின் நாட்டில் ஏய்பர் என்னும் சிறு தொழில் நகரம் உள்ளது. மக்கள் தொகை ஏறத்தாழ 27,000. அந்நகரின் கழகம் 2014-இல் முதன்முறையாக நாட்டின் முதற்பிரிவுக்கு உயர்ந்தது. ஆனால் தொழில்முறைக் கழகங்களின் பங்கு மூலதனம் குறித்த சட்டம் குறுக்கே நின்றது. ஏறத்தாழ 17 இலட்சம் யூரோ மூலதனத்தைக் குறித்த கெடுவுக்குள் திரட்டவில்லையெனில், மேலே ஏறிய கழகம் மூன்றாம் பிரிவுக்குத் தள்ளப்படும். கழகத்தாரோ கடனின்றி நடத்திவந்தவர்கள். பெருஞ்செல்வர் ஒருவரிடம் கழகத்தை ஒப்படைக்க அவர்களுக்கு மனமில்லை. எனவே ஒருவர் வாங்கும் பங்கிற்கு உச்சவரம்பு விதித்து, “ஏய்பரைக் காப்போம்” என்ற பொருள்படும் அழைப்பை இணையத்தின் வழியே உலகுக்கு விடுத்தனர். இளமையில் அங்கு ஆடிச் சென்ற சாபி அலோன்சோ போன்றோரும் குரல் கொடுத்தனர். பல பத்து நாடுகளிலிருந்து, அந்நகரை ஒருமுறையும் கண்டிராத பல்லாயிரம் பேர் பங்கு வாங்கினர். கெடுவுக்கு முன்பே தொகை சேர்ந்தது. 2021 வரை ஏழு பருவங்கள் அக்கழகம் முதற்பிரிவில் ஆடியது.

இணையம் அவர்களுக்குப் பணம் தந்தது என்று இதனைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். நாம் காண்பது வேறு. கணக்கு நேராக இருந்தது, கடன் இல்லை, சொல்வதற்கு உண்மையான ஒரு செய்தி இருந்தது. வீட்டைச் செப்பனிட்ட பின்னரே அவர்கள் விருந்தினரை அழைத்தனர். நம் கழகங்களுக்கு இதுவே முதற்பாடம்.

எதைச் சொல்வது?

ஒரு சிறு கழகம் வாரத்திற்கு மூன்று செய்திகளைத் தவறாமல் சொன்னால் போதும். ஆட்டத்திற்கு முன், நாள், நேரம், திடல், எதிரணியின் பெயர் ஆகிய நான்கும் அடங்கிய அறிவிப்பு. ஆட்டம் முடிந்த அன்றிரவே, முடிவும் கோலடித்தவர் பெயரும். வாரத்தில் மற்றொரு நாள், கழகத்தைச் சார்ந்த ஒருவரைப் பற்றிய சிறு குறிப்பு. அவர் ஆட்டக்காரராகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. சுண்ணாம்புக் கோடு போடுபவர், பந்துக்குக் காற்றடிப்பவர், இருபது ஆண்டுகளாக ஒரு காசும் பெறாமல் நடுவராக நிற்பவர் ஆகியோரும் கழகத்தாரே. தம் பெயரை ஒருவர் பக்கத்தில் காணும்போது அவர் குடும்பமே அந்தப் பக்கத்தின் வாசகராகிவிடுகின்றது.

தோல்வியை மறைக்கும் பக்கம் வெற்றியைச் சொல்லும்போதும் நம்பப்படுவதில்லை. நான்கு கோல் வாங்கித் தோற்ற அன்றும் முடிவை எழுத வேண்டும். எதிரணி நன்கு ஆடியிருப்பின் அதனையும் எழுத வேண்டும். எதிரணியின் பக்கத்தையும் குறிப்பிட்டு எழுதினால் அவர்களுடைய வாசகர்களும் வந்து காண்பர்.

நமது அனுபவத்தில் கண்ட ஒன்றை இங்கே சொல்வது பொருந்தும். கழகத்து அலமாரியில் மங்கிப்போன பழைய புகைப்படம் ஒன்று கிடைத்தது. பதினொருவர் நிற்கின்றனர், எழுவரின் பெயரே நமக்குத் தெரிந்தது. மற்ற நால்வரை அறிந்தோர் சொல்லுங்கள் என்று எழுதி அதனைப் பக்கத்தில் இட்டோம். மூன்றே நாளில் தம்மாமிலிருந்து ஒரு பெயரும், கோலாலம்பூரிலிருந்து இரு பெயர்களும், கொழும்பிலிருந்து ஒரு பெயரும் வந்து சேர்ந்தன. “ஓரத்தில் நிற்பவர் எங்கள் வாப்பா. அவர் பந்தாடியது எங்களுக்கு இன்றுதான் தெரியும்” என்று ஒரு பெண்மணி எழுதியிருந்தார். அவருடைய தந்தை மௌத்தாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்றுவரை நாம் இட்ட படங்கள் எவற்றிற்கும் கிடைக்காத கவனம் அந்த ஒரு படத்திற்குக் கிடைத்தது. சிறு கழகத்திடம் பணமில்லாதிருக்கலாம், நினைவு இருக்கின்றது. பெருங்கழகம் எதுவும் நம் ஊரின் நினைவை விலைக்கு வாங்க இயலாது.

பிறர் நலத்திற்கும் இப்பக்கங்கள் பயன்படும். இத்தாலியின் ரோமா கழகம் 2019-இல் புதிய ஆட்டக்காரர்களை அறிவிக்கும் காட்சிகளில் காணாமற்போன பிள்ளைகளின் படங்களையும் சேர்த்து வெளியிட்டது. அவ்வாறு காட்டப்பட்டோருள் சிலர் கண்டுபிடிக்கப்பட்டனர். அயர்லாந்தில் 1890-இல் தோன்றி, இரசிகர்களே உரிமையாளராக இருந்து நடத்தும் போஹீமியன் கழகம், அகதிகளை வரவேற்கும் வாசகம் பொறித்த சட்டையை 2020-இல் வெளியிட்டு, தன் நகரைத் தாண்டியும் பேசப்பட்டது. இரத்ததான அறிவிப்பும், மழை வெள்ளக் காலத்து உதவியும், ஏழை மாணவனின் கல்விக் கட்டணமும் நம் கழகங்களின் பக்கத்தில் இடம்பெறத் தக்கவையே.

கைத்தொழிலின் நுட்பங்கள்

எத்தொழிலுக்கும் நுட்பம் உண்டு. மாலை ஆட்டத்தைப் படமெடுப்பவர் திடலின் மேற்குப் புறத்தில் நிற்க வேண்டும். சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தால்தான் ஆட்டக்காரரின் முகம் தெரியும். எதிரே இருந்தால் கரிய நிழல்களே பதிவாகும். தரையில் நிற்பதைவிட மேசையின் மீதோ அருகிலுள்ள மாடியிலோ நின்று எடுத்தால் ஆட்டத்தின் போக்கு விளங்கும். முழு ஆட்டத்தைக் கைப்பேசியைக் கிடையாகப் பிடித்தும், சிறு துணுக்குகளை நிமிர்த்திப் பிடித்தும் எடுத்தல் நலம்.

கோல் விழுந்த காட்சிக்கு இருபது முப்பது விநாடிகள் போதும். பந்து வலைக்குள் போகும் கணத்தை மட்டும் வெட்டி எடுக்காமல், அதற்கு முன் பந்தைக் கடத்திக் கொடுத்தவனின் காலிலிருந்து தொடங்க வேண்டும். பார்ப்பவர் எவ்வளவு நேரம் தங்கிப் பார்க்கின்றார் என்பதைக் கணக்கிட்டே இந்நிறுவனங்கள் ஒரு காட்சியை மேலும் பலருக்குக் காட்டுகின்றன. ஆதலின் முதல் சில விநாடிகளை வெறும் முத்திரைக்கும் வாழ்த்துக்கும் செலவிடலாகாது. பலர் ஒலியை அடக்கிவிட்டே பார்ப்பதால் பெயரையும் முடிவையும் எழுத்தில் காட்ட வேண்டும். திரைப்படப் பாட்டைப் பின்னணியில் சேர்த்தால், பாட்டின் உரிமையாளர் முறையிட, காட்சியின் ஒலி நீக்கப்படலாம். காட்சியே மறைக்கப்படவும் கூடும். திடலின் ஆரவாரத்தைவிடச் சிறந்த இசை இதற்கு வேறென்ன?

முகநூலில் தனி மனிதர் கணக்காகத் திறந்தால் 5,000 நண்பர்களோடு நின்றுவிடும். கழகத்திற்குப் பக்கமாகவே திறக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேருக்கு மேல் சேர இயலாது. ஒருவர் எண் மற்றவர்க்குத் தெரியும். ‘சேனல்’ என்னும் வசதியில் பின்தொடர்வோர் ஒருவர் எண்ணை ஒருவர் காண்பதில்லை. தாய்மார்களும் சகோதரிகளும் தயக்கமின்றிச் செய்தி அறிய இதுவே ஏற்றது.

எல்லாத் தளங்களிலும் ஒரே பெயரும் ஒரே சின்னமும் இருத்தல் வேண்டும். எல்லாத் தளங்களிலும் இருந்தே ஆக வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. ஆளில்லாத நான்கு கடைகளைவிட ஆளிருக்கும் ஒரு கடை மேல்.

சிரிப்பின் விலை

இதுவரை சொன்னவை எளியவை. இனிச் சொல்வது நம் நெஞ்சை உறுத்துவது.

ஈராண்டுகளுக்கு முன் அண்டை ஊர் அணி ஒன்றுடன் நடந்த ஆட்டத்தில், நம் கழகத்துக் கோல்காவலனான பதினைந்து வயதுப் பிள்ளை ஒருவன் எளிய பந்தொன்றைக் கால்களுக்கிடையே தவறவிட்டான். பந்தாட்டத்தில் இது நடப்பதுதான். ஆனால் யாரோ ஒருவர் அதைப் படமெடுத்து, திரைப்பட நகைச்சுவைக் குரலொன்றை அதனோடு ஒட்டி, எதிரணியின் பக்கத்தில் இட்டுவிட்டார். இரவு முடிவதற்குள் அது ஊர் முழுதும் சுற்றியது. வளைகுடாவில் வேலை செய்யும் அவனுடைய வாப்பாவின் கைப்பேசிக்கும், உடன் தங்கியிருந்த ஒருவர் வழியாக, சிரிப்புக் குறிகளோடு போய்ச் சேர்ந்தது. அந்தப் பக்கம் அதுவரை கண்டிராத அளவுக்கு அன்று பார்க்கப்பட்டது. பக்கம் வளர்வது ஒன்றே குறிக்கோள் என்றால் அவர்கள் வென்றுவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

பிள்ளை மறுநாள் திடலுக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பள்ளிக்கூடத்திற்கும் போக மறுக்கின்றான் என்று கேள்வியுற்று அவன் வீட்டிற்குச் சென்றோம். கதவின் அப்புறம் நின்று அவனுடைய உம்மா பேசினார்கள்: “காக்கா, பந்தை விட்டதற்கு நீங்கள் கண்டித்திருந்தால் பொறுத்துக்கொள்வான். ஊரே சிரிப்பதை என் பிள்ளை எப்படிப் பொறுப்பான்? அதை அழித்துவிடச் சொல்லுங்கள்.”

நம் கழகத்து வாலிபர்களுக்கு இரத்தம் கொதித்தது. எதிரணியினர் சறுக்கி விழுந்த காட்சிகள் தங்களிடமும் இருப்பதாகவும், ஓரிரவில் பதிலடி தந்துவிடலாம் என்றும் துடித்தனர். அன்றிரவு இஷாவுக்குப் பின் கூடிப் பேசினோம். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும், பட்டப்பெயரிட்டு அழைப்பதையும் சூரத்துல் ஹுஜுராத் தடுத்திருப்பதை ஆலிம் ஒருவர் நினைவூட்டினார். வந்த செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் நடவடிக்கையில் இறங்கலாகாது என்னும் கட்டளையும் அதே அத்தியாயத்தில் உள்ளது. பக்கங்களை நடத்தும் எவரும் அவ்வத்தியாயத்தை ஒருமுறை பொருளோடு ஓதிவிட்டுக் கைப்பேசியை எடுத்தல் நலம். பதிலடி வேண்டாம் என்று முடிவாயிற்று. பெரியவர் இருவர் அண்டை ஊருக்குச் சென்று அஸருக்குப் பின் அவ்வணித் தலைவரைச் சந்தித்தனர். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார், அன்றே அதனை நீக்கினார், மன்னிப்பும் எழுதினார்.

ஆயினும் நீக்கியது அந்தப் பக்கத்தில் இருந்ததை மட்டுமே. எத்தனையோ கைப்பேசிகளுக்குள் போய்விட்டதை எவர் நீக்குவது? கரும்பலகையில் எழுதியதை ஒரு துணியால் துடைத்துவிடலாம். இந்தப் பலகையில் எழுதியதைத் துடைக்கத் துணி இல்லை. பழைய பலகைக்கும் புதிய பலகைக்கும் உள்ள பெரிய வேற்றுமை இதுவே.

இரண்டு மாதங்கழித்து அவன் திடலுக்கு வந்தான். வந்தவன் கேட்டது ஒன்றே: “என் படத்தை மட்டும் போடாதீர்கள்.” இன்றும் அவன் நம் கோல்காவலன். ஒரு போட்டியின் இறுதி ஆட்டத்தில் பெனால்ட்டி உதை இரண்டைத் தடுத்தான். அந்தக் காட்சி நம்மிடம் இருக்கின்றது. இட்டிருந்தால் ஆயிரமாயிரம் பேர் பார்த்திருப்பார்கள். இடவில்லை. வாக்கு வாக்குத்தான்.

அமானிதமும் கணக்கும்

அன்றிலிருந்து நம் கழகத்தில் ஒரு விதி உண்டு. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையின் படத்தையோ காட்சியையோ பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதமின்றி இடுவதில்லை. சம்மதித்த பின்னும் பிள்ளை வேண்டாமென்றால் இடுவதில்லை. அவனுடைய பள்ளி, வீடு, போய்வரும் நேரம் ஆகியவற்றை எழுதுவதில்லை. இந்தியாவில் 2023-இல் இயற்றப்பட்ட மின்னணு முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பதினெட்டு வயதுக்குட்பட்டோரைப் பிள்ளைகளாகவே கொண்டு, அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தை வலியுறுத்துகின்றது. சட்டம் சொல்வதற்கு முன்பே அமானிதம் என்ற சொல்லை அறிந்தவர்கள் நாம்.

பக்கத்தின் சாவியும் அமானிதமே. கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருந்து, அவர் பயணம் போய்விட்டால் பக்கம் அநாதையாகும். மனஸ்தாபத்தில் பிரிந்தால் பக்கமும் பிரியும். பொறுப்பாளர் இருவரோ மூவரோ இருத்தல் வேண்டும். இரட்டைச் சரிபார்ப்பு வசதியையும் இயக்கிவைக்க வேண்டும். இந்தத் தளங்கள் நமக்கு வாடகை வீடுகளே என்பதையும் மறக்கலாகாது. ஆர்குட் 2014-இல் மூடப்பட்டது. டிக்டாக் 2020 ஜூனில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அங்கு மட்டுமே தம் படங்களை வைத்திருந்தவர்களுக்கு என்ன மிஞ்சியது? ஆகவே மூலப் படங்களைத் தனியே சேமித்துவைக்க வேண்டும். ஆட்ட முடிவுகளைக் குறிப்பேடு ஒன்றில் மையால் எழுதிவைப்பதும் வேண்டும்.

பணம் கேட்கும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும். எதற்கு, எவ்வளவு, எந்நாளுக்குள் என்பதைச் சொல்லிக் கேட்க வேண்டும். தனி மனிதர் கணக்குக்கு அனுப்பச் சொல்லாமல் கழகத்தின் வங்கிக் கணக்கையே தர வேண்டும். வலை வாங்கினால் கடைச்சீட்டையும் வலையையும் பக்கத்தில் காட்ட வேண்டும். நம் உறவினர் பலர் கடல் கடந்து வாழ்வதால் மற்றொன்றையும் சொல்ல வேண்டியுள்ளது. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் உழைப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே தருவது வெளிநாட்டு நன்கொடையாகக் கொள்ளப்படுவதில்லை. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் தருவதோ 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும். உரிய பதிவோ முன் அனுமதியோ இன்றி அதனைப் பெறலாகாது. மலேசியக் குடிமகனான மாமா அன்போடு அனுப்பும் தொகையும் இதில் அடங்கும்.

நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்

பக்கத்தை நடத்துவது வாலிபர்கள் மட்டுமே செய்யும் வேலையன்று. வெளிநாட்டில் இருக்கும் தகப்பன்மார் ஒரு நல்ல ஆட்டத்தைப் பார்த்தால் இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் மகன் அதனைப் பத்துமுறை படிப்பான். வீட்டிலுள்ள தாய்மார் பழைய பெட்டிகளைத் திறந்து பாருங்கள். கழகத்தின் வரலாறு அங்கே மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். நன்றாகத் தமிழெழுதும் பெண்பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கின்றனர். ஆட்டச் செய்தியை எழுதும் பொறுப்பை அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். பிழையில்லாத தமிழில் ஒரு பக்கம் நடந்தால் அதுவே அப்பக்கத்திற்குத் தனிச் சிறப்பாகும். பரிகாசக் காட்சி எதுவும் உங்கள் கைக்கு வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எத்தனை பேர் பின்தொடர்கின்றனர் என்று எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை. எண்ணிக்கை பெருகினால் ஆதரவு தருவோர் வருவர். புதிய பந்து வரும். திடலைக் காக்கக் குரல் கொடுக்க ஆளிருக்கும். ஆனால் அந்த எண்ணிக்கையோடு இன்னொன்றையும் எண்ண வேண்டும்: இன்று மாலை திடலுக்கு எத்தனை பிள்ளைகள் வந்தனர்? அது குறைந்து இது பெருகினால் கழகம் வளரவில்லை. இரண்டும் சேர்ந்து பெருகினால், எழுதுகின்ற கை நேர்மையாக எழுதுகின்றது என்று அறிந்துகொள்ளலாம். நம் பிள்ளைகளின் உடல் நலத்தையும் மானத்தையும் ஒருசேரக் காக்கும் ஆற்றலை அல்லாஹ் நம் கழகங்களுக்கு அருள்வானாக! ஆமீன்.